நுனாவுட் அரசின் பொருளாதார மேம்பாட்டு வேலை: போகலாமா, போய் என்ன செய்வது?

சுதன்_ஸ்கார்பரோ எழுதியது:

வணக்கம். கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டின் அரசில், பொருளாதார மேம்பாட்டுப் பிரிவில் ஆலோசகர் வேலைக்குத் தெரிவாகியிருக்கிறேன். பாஃபின் தீவில் ஒரு சின்ன ஊர், ஆயிரத்து ஐந்நூறு பேர் இருப்பார்கள். சம்பளம், வடக்குப் படி, வீடு எல்லாம் கடிதத்தில் விவரமாக இருக்கிறது. என்ன வேலை என்பதுதான் விளங்கவில்லை. "சமூகங்களின் பொருளாதார ஆற்றலை வளர்க்க உதவுதல்" என்று ஒரே ஒரு வரி. நான் பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு ரொறன்ரோவில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருக்கிறேன். மனைவியும் நான்கு வயது மகளும் கூட வருவார்கள். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

அங்கே வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காலையில் அலுவலகம் போனால் மாலை வரை என்ன செய்வேன்? என்னைப் போன்ற ஒருவரால் அந்த ஊருக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

-----

கலா_ஒட்டாவா எழுதியது:

தம்பி சுதன், வாழ்த்துகள். நான் இதே வேலையில் பல வருடம் இருந்தவள், முதலில் நுனாவுட்டின் கிவாலிக் பகுதியில், பிறகு பாஃபினில். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் நிலவரம். இருபது லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 25 ஊர்கள். 2021 கணக்கெடுப்பில் மொத்தச் சனத்தொகை 36,858. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. ஆட்கள் போய்வருவது விமானத்தில். கனமான சாமான் வருவது கோடையில் கடல் திறந்தபின் வரும் சரக்குக் கப்பலில், அதற்கு சீலிஃப்ட் என்று பெயர். மின்சாரம் எல்லா ஊரிலும் டீசலில்தான். வங்கிக் கிளை இக்காலுயிட், ரேங்கின் இன்லெட், கேம்பிரிட்ஜ் பே ஆகிய மூன்று ஊர்களில் மட்டும். மற்ற ஊர்களில் சனம் காசோலை மாற்றுவது பலசரக்குக் கடையில். நீங்கள் கடன் பிரிவில் இருப்பவர், வங்கியே இல்லாத ஊரில் ஒருவர் தொழில் தொடங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் பொருளாதார அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவர் ஊராட்சியின் ஆள், ஆனால் அவருடைய சம்பளத்துக்கான பணம் நம் பிரிவிலிருந்து போகிறது. பெரும்பாலும் அந்த ஊர்க்காரராக இருப்பார். உங்கள் வேலையில் பாதி அவரோடுதான். அந்த இடம் காலியாகக் கிடந்தால் (அடிக்கடி கிடக்கும்) அவருடைய வேலையும் உங்கள் தலையில் வந்து விழும்.

மீதிப் பாதி மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களோடு. ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஒரு அம்மா, ஐம்பது வயதைத் தாண்டியவர், கடல்நாய்த் தோலில் கையுறையும் காலணியும் தைப்பவர். ஊசி தோலை முழுதாகத் துளைக்காமல், நூல் தோலுக்குள்ளேயே ஓடும்படி தைப்பார். அப்படித் தைத்தால்தான் தண்ணீர் உள்ளே வராது. ஒரு சோடியை என் கையில் கொடுத்துத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு துளைகூடத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது தோல் தைக்கும் மோட்டார் இயந்திரம் ஒன்று. நவம்பரில் விண்ணப்பம் போட்டோம். மூன்று வருட வரவு செலவுத் திட்டம், விலைப்பட்டியல், ஊராட்சி உரிமம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்பினோம். அனுமதி வந்தது பிப்ரவரி கடைசியில். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது, அதற்குள் பொருள் வந்து சேர்ந்து ரசீதும் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. கப்பலோ கோடையில்தான் வரும். வேறு வழியில்லாமல் விமானத்தில் எடுத்தோம். மானியத்தின் பெரும்பங்கை விமானக் கூலியே தின்றுவிட்டது.

அவருடைய முதல் கேள்வி வேறு ஒன்று. "இதில் நல்ல காசு வந்தால் என் வீட்டு வாடகை என்ன ஆகும்?" நுனாவுட்டில் ஏறக்குறையப் பாதிச் சனம் அரசின் பொது வீடுகளில் இருக்கிறது, அங்கே வாடகை வருமானத்தைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு வேலை, ஒரு மாதம் நன்றாக விற்று அடுத்த மூன்று மாதம் விற்காவிட்டால் கணக்கு எப்படி என்றெல்லாம் வீட்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்து கேட்டுத் தெளிவாக்காமல் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் கேட்டது நியாயம்.

காலையிலிருந்து மாலைவரை இதுதான் தம்பி. நிதியாண்டை கப்பல் காலத்தோடு பொருத்துவது, ஒரு அலுவலகத்தின் விதி இன்னொரு அலுவலகத்தின் விதியை அடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஏப்ரலிலேயே விண்ணப்பங்களை வாங்கிவிட்டால் அந்த வருடக் கப்பலைப் பிடிக்கலாம். நான் பின்னாளில் அப்படித்தான் செய்தேன். புதிய திட்டம் கண்டுபிடிக்க யாரும் உங்களை அங்கே எதிர்பார்க்கவில்லை. தொழில் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

-----

செந்தில்_கால்கரி எழுதியது:

கலா மேடம், நல்ல பதிவு. ஆனால் ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. நான் சுரங்கப் பொறியாளர், கிவாலிக் பகுதியில் வேலை பார்த்திருக்கிறேன். கையுறை தைப்பதற்கு மானியம் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் இளைஞர்கள் நிறைந்த ஒரு பிரதேசத்துக்கு அது போதாது. 2010-இல் மெடோபாங்க் தங்கச் சுரங்கம் திறந்தது, 2019-இல் மெலியாடின். அந்தப் பகுதி ஊர்களிலிருந்து ஆட்களை விமானத்தில் அழைத்து வருகிறார்கள், இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. என்னோடு வேலை செய்த ஒரு பையன் கனரக வண்டி ஓட்டப் பழகி, அந்தச் சம்பளத்தில் படகும் ஸ்கிடூவும் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) வாங்கினான். வேட்டைக்குப் போகப் பெட்ரோல் வேண்டும், தோட்டா வேண்டும், எல்லாம் காசு. வீட்டில் இருக்கும் இரண்டு வாரமும் அவன் கடலில்தான். அவன் தாத்தா வீட்டுக்கு இறைச்சி போவதே அந்தச் சுரங்கச் சம்பளத்தால்தான்.

சுதன், நீங்கள் போனால் பயிற்சி, வேலைவாய்ப்பு, உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் இந்தப் பக்கம் கவனம் செலுத்துங்கள். இனுவிட் (அங்குள்ள பூர்வகுடி மக்கள்) நிறுவனமாகப் பதிவு செய்ய 51 விழுக்காடு இனுவிட் உரிமை வேண்டும், பதிந்துவிட்டால் அரசு ஒப்பந்தங்களில் முன்னுரிமை உண்டு. பதிவைச் சரியாக வைத்திருக்கவும், டெண்டர் போடவும் உதவ ஆளில்லாமல் எத்தனையோ பேர் நழுவவிடுகிறார்கள்.

-----

கலா_ஒட்டாவா எழுதியது:

செந்தில், அந்தப் பையன் கதை உண்மை, அப்படிப் பலரை நானும் அறிவேன். ஒப்பந்தக்காரர்கள் பற்றிச் சொன்னதும் சரி. சுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் நானிசிவிக்கைப் பற்றித் தெரியாமல் யாரும் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆர்க்டிக் பே ஊருக்குப் பக்கத்தில் ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கம் அது. 1976-இல் தொடங்கியது. வேலையாட்களில் 60 விழுக்காடு இனுவிட்டாக இருப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஒருபோதும் அதன் கிட்டேகூட வரவில்லை. 2002-இல் மூடினார்கள். பள்ளிக்கூடம், வீடுகள் எல்லாவற்றோடும் இருந்த ஒரு சுரங்க நகரத்தையே பிரித்துப் போட்டார்கள். பக்கத்து ஊரில் வீட்டுக்கு அலைந்துகொண்டிருந்த சனம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் மேரி ரிவர். பாண்ட் இன்லெட், ஆர்க்டிக் பே வேட்டைக்காரர்கள் சிலர் அந்த இரும்புச் சுரங்கத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து, 2021 பிப்ரவரிக் குளிரில் அதன் விமான ஓடுபாதையிலும் சாலையிலும் போய் மறித்து உட்கார்ந்தார்கள். கப்பல் போக்குவரத்து கூடினால் நார்வால் திமிங்கிலம் விலகிப் போய்விடும் என்பது அவர்களுடைய பெரிய கவலை. 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அந்த விரிவாக்கத்தை நிராகரித்தார். நீங்கள் பொருளாதார அலுவலர் என்று ஊருக்குள் போனால், "நீ யார் பக்கம்?" என்ற கேள்வியோடுதான் சிலர் பார்ப்பார்கள். முதலில் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே பொருளாதாரமே இல்லாதது போலவும், நாம் போய்க் கொடுப்பது போலவும் தெற்கில் பேசுகிறார்கள். கடல்நாய்த் தோல் விற்றுத்தான் வேட்டைக்காரர் தம் செலவைச் சமாளித்தார். 1983-இல் ஐரோப்பா குட்டிகளின் தோலுக்குத் தடை போட்டது. அது அட்லாண்டிக் கரையில் நடந்த குட்டி வேட்டையைக் குறிவைத்த தடை. இனுவிட் வேட்டையாடுவது வேறு இனம், வளர்ந்த விலங்கு, இறைச்சியை ஊரே சாப்பிடுகிறது. ஆனாலும் சந்தை மொத்தமாக விழுந்தது. 2009-இல் மறுபடி தடை. இனுவிட்டுக்கு விலக்கு உண்டு என்று எழுதினார்கள், வாங்க ஆளில்லாத சந்தையில் விலக்கை வைத்து என்ன செய்வது? இன்று அரசு வேட்டைக்காரரிடம் தோலை வாங்கிப் பதனிட்டு ஊர்த் தையல்காரர்களுக்குத் திரும்ப விற்கிறதே, அந்தச் சின்னத் திட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய இழப்பு இருக்கிறது.

-----

பொன்னுத்துரை_மார்க்கம் எழுதியது:

பிள்ளை கலா, மிக நன்றி. 1953-இலும் 1955-இலும் கியூபெக்கின் வடக்கிலிருந்து இனுவிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்த் தூர வடக்கே ரெசொலூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கிவிட்டார்கள் என்று வாசித்திருக்கிறேன். பழக்கமில்லாத நிலம், மாதக்கணக்கில் இருட்டு. "விரும்பினால் திரும்பி வரலாம்" என்று சொன்னதையும் காப்பாற்றவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல். இடம்பெயர்ந்து வந்தவர்கள் நாம், அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. தம்பி சுதன், அரசாங்கத்தின் ஆள் என்று போகிறீர்கள், அந்தச் சொல் அங்கே எப்படிக் கேட்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நான் ஊரில் கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதியவன். அங்கே கூட்டுறவுச் சங்கங்கள் பலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். யாராவது விவரமாக எழுதுவீர்களா?

-----

மீரா_இக்காலுயிட் எழுதியது:

நான் இப்போது இக்காலுயிட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது, சுதன் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வேலையை ஏன் ஒரு இனுவிட் செய்யவில்லை?

இனுவிட்டும் கனடா அரசும் செய்துகொண்ட 1993 நில உரிமை ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சனத்தொகையில் இனுவிட் எவ்வளவோ, அரசு வேலைகளிலும் அவ்வளவு. சனத்தொகையில் அவர்கள் கிட்டத்தட்ட 85 விழுக்காடு. அரசு வேலைகளில் பாதியளவில்தான் நிற்கிறது, அதிலும் மேல்பதவிகளுக்குப் போகப் போகக் குறைவு. ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லை என்று, இனுவிட்டின் சார்பில் அந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் நுனாவுட் டுங்காவிக் அமைப்பு 2006-இல் மத்திய அரசின்மேல் வழக்குப் போட்டது. 2015-இல் 25.55 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, அதில் பெரும்பங்கு பயிற்சிக்கு. இருந்தும் தெற்கிலிருந்து ஆட்கள் வருகிறோம், கொஞ்ச காலம் இருக்கிறோம், போகிறோம். ஒவ்வொரு முறையும் ஊர்ச்சனம் புதிய முகத்துக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி புது ஆசிரியரைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வியே "நீங்கள் எப்போது போவீர்கள்?" என்பதுதான்.

வீட்டு விஷயமும் அப்படித்தான். வேலைக்கடிதத்தோடு உங்களுக்கு வீடு கிடைக்கும். பக்கத்து வீட்டில் மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ், வரவேற்பறையில் முறைவைத்துத் தூங்குவார்கள். அரசே 2030-க்குள் 3,000 வீடு வேண்டும் என்று 2022-இல் அறிவித்தது. ஊர்க்காரர் ஒருவர் அதே அரசில் வேலைக்குச் சேர்ந்தாலும் வீடு கிடைக்க வரிசையில் நிற்கிறார். தெற்கத்தியருக்கு வீட்டோடு வேலை என்பதை அவர்கள் கவனிக்காமல் இல்லை.

வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒப்புக்கொள்வதற்குமுன் வேலை தருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எனக்குக் கீழே பழகுவதற்கு ஊர்க்காரர் ஒருவருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா? பதிலைப் பார்த்து முடிவெடுங்கள்.

-----

கலா_ஒட்டாவா எழுதியது:

மீரா கேட்டது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நான் விட்டுவந்த இடத்தில் இப்போது இருப்பவர் அந்த ஊர்ப்பெண், ஊராட்சியில் பொருளாதார அலுவலராக இருந்தவர். எனக்குத் தெரிந்த எல்லாக் கோப்பும் அவருக்குத் தெரியும், அதற்கு மேல் யார் வீட்டில் எந்த நேரத்தில் போய்ப் பேசலாம் என்பதும் தெரியும்.

ஐயா பொன்னுத்துரை, கூட்டுறவு பற்றிக் கேட்டீர்கள். கிங்கைட் (முன்பு கேப் டோர்செட்) ஊரின் வெஸ்ட் பாஃபின் கூட்டுறவு 1959-இல் பதிவானது. அந்த வருடமே முதல் அச்சோவியத் தொகுப்பை வெளியிட்டார்கள். கெனோஜுவாக் அஷெவாக் என்ற ஓவியரின் ஆந்தை ஓவியத்தைத் தபால் தலையில் நீங்கள் பார்த்திருக்கலாம், அந்த ஓவியம் அங்கே 1960-இல் அச்சானது. ஒரே சங்கம் கலைக்கூடமும் நடத்துகிறது, பலசரக்குக் கடையும் நடத்துகிறது. உறுப்பினர் ஊர்ச்சனம். ஓவியம் விற்க 1978-இல் ரொறன்ரோவிலேயே ஒரு விற்பனை அலுவலகம் திறந்தார்கள். தெற்கிலிருந்து வரும் வியாபாரிக்காகக் காத்திருக்கவில்லை. செதுக்குச் சிற்பங்களில் இக்லூ படம் போட்ட சீட்டு ஒன்று தொங்கும், போலி இல்லை என்பதற்கு. அதை 1958-இல் மத்திய அரசு தொடங்கியது, 2017-இல்தான் அந்த முத்திரையின் உரிமை இனுவிட் கலை அறக்கட்டளைக்குப் போனது.

உங்களுக்குக் கடல் தெரியும் என்பதால் பாங்னிர்ட்டுங் ஊரின் மீன்பிடியையும் சொல்கிறேன். குளிர்காலத்தில் கம்பர்லாந்து குடா உறைந்தபின் பனிக்கட்டிமேல் ஸ்கிடூவில் போய் ஒரு துளை போடுவார்கள். நீண்ட தூண்டில் கயிற்றின் நுனியில் ஒரு உலோகத் தகட்டைக் கட்டி இறக்குவார்கள். நீரோட்டம் தகட்டைத் தள்ளிக்கொண்டு போக, நூற்றுக்கணக்கான தூண்டில்களோடு கயிறு பனிக்கு அடியில் நீண்டு விரியும். பிறகு துளைவழியே சுற்றி இழுப்பார்கள். டர்பட் என்ற தட்டைமீன், ஆழத்தில் இருப்பது. மேலே வந்த மீன் அந்தக் குளிரில் உறைந்துவிட்டால் ஆலையில் தரம் இறங்கிவிடும், அதனால் மூடி மூடி வைத்துச் சறுக்குவண்டியில் ஏற்றி ஊருக்கு ஓட வேண்டும். ஊரில் பதப்படுத்தும் ஆலை இருக்கிறது, அரசின் நுனாவுட் மேம்பாட்டுக் கழகத்துக்கு அதில் பங்கு உண்டு. 2013-இல் சிறு துறைமுகமும் வந்தது.

இந்த மீன்பிடி 1980-களில் தொடங்கி இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், பனியைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பதால். கடல் எப்போது உறையும், எந்தப் பக்கம் கட்டி மெல்லியது என்பதைப் பெரியவர்கள் சொல்ல இளையவர்கள் கேட்கிறார்கள். இப்போது சில வருடங்களில் பனி தாமதமாகிறது, பருவம் சுருங்குகிறது, மீன்பிடி உபகரணத்துக்குப் போட்ட காசு அந்த வருடம் திரும்ப வருவதில்லை. வங்கிக் கணக்கில் அவரைக் கடன் கட்டத் தவறியவர் என்று எழுதுவார்கள். சுதன், அந்த இடத்தில்தான் உங்களைப் போல் கடன் பத்திரம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தவணையைப் பருவத்தோடு சேர்த்து அமைக்கப் பேசுங்கள், மோசமான வருடத்துக்கு இடம் விட்டு எழுதுங்கள். உங்களால் பயன் உண்டா என்று கேட்டீர்களே, இதற்கு உண்டு.

-----

செந்தில்_கால்கரி எழுதியது:

நானிசிவிக் பற்றி எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும், நன்றி மேடம். துறைமுகம் பற்றிச் சொன்னது முக்கியம். 2023-இல் இக்காலுயிட் ஆழ்கடல் துறைமுகம் முடியும்வரை நுனாவுட்டின் தலைநகருக்கே ஒழுங்கான இறங்குதுறை கிடையாது, வற்று நேரத்தில் சேற்றில் நிற்கும் படகுகளில் சாமான் இறக்கினார்கள். மானியம் ஒரு பக்கம் இருக்கட்டும், துறைமுகம், மின்சாரம், இணையம் மூன்றும் இல்லாமல் சின்னத் தொழிலும் பெரிய தொழிலும் நிற்காது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

-----

மீரா_இக்காலுயிட் எழுதியது:

அதில் சண்டையே இல்லை செந்தில். ஆனால் எந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று ஊர் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் கையெழுத்தான அதிகாரப் பகிர்வு ஒப்பந்தப்படி, 2027 ஏப்ரலில் அரசு நிலங்களின் பொறுப்பும் கனிமங்களின் பொறுப்பும் ஒட்டாவாவிலிருந்து நுனாவுட் அரசின் கைக்கு வர வேண்டும். அதற்குள் எத்தனை இனுவிட் அலுவலர்களைத் தயார்ப்படுத்துகிறோம் என்பதுதான் இப்போது இங்கே எல்லோருடைய கவலையும்.

-----

சுதன்_ஸ்கார்பரோ எழுதியது:

கலா அக்கா, மீரா, செந்தில், ஐயா, எல்லோருக்கும் நன்றி. மீரா சொன்னபடி கேட்டேன். பழகுநர் இடம் ஒன்று தாளில் இருக்கிறது, ஆனால் இன்னும் ஆள் எடுக்கவில்லை என்றார்கள். ஆள் எடுக்கும் குழுவில் ஊராட்சியின் ஒருவர் இருக்க வேண்டும், நான் சேர்ந்த முதல் கோடைக்குள் நிரப்ப வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். ஒப்புக்கொண்டு பதில் வந்திருக்கிறது. பதவிக்காலத்தையும் வரையறுத்துத்தான் வாங்கியிருக்கிறேன், நீட்டிக்க வேண்டுமா என்பதை அந்தப் பழகுநர் தயாராகிவிட்டாரா என்பதை வைத்துப் பார்க்கலாம் என்று.

போகிறோம். மனைவிக்குச் சாப்பாட்டுக் கவலை, எனக்கு மகளின் பேச்சுக் கவலை. பள்ளியில் இனுவிட் மொழியான இனுக்டிடுட் பேசுவார்கள் இல்லையா? அப்புறம் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எப்படிக் கொண்டுபோவது?

-----

மீரா_இக்காலுயிட் எழுதியது:

பேசுவார்கள், சின்ன வகுப்புகளில் பாடமே அதில் நடக்கும். மகள் உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வாள், வீட்டில் தமிழை விடாமல் பேசுங்கள், போதும்.

அரிசி பருப்புக்கு சீலிஃப்ட்தான். விமானத்தில் வரும் காய்கறி, பால் போன்றவற்றுக்கு 2011 முதல் மத்திய அரசின் மானியம் உண்டு, ஆனாலும் விலை ஒட்டாவா விலையைவிட எவ்வளவோ அதிகம். கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொரு ஊருக்கும் சரக்குச் சேர்ப்பதற்கான கடைசித் தேதியை வசந்தத்திலேயே வெளியிடும். அந்தத் தேதிக்குள் மொன்றியல் பக்கத் துறைமுகக் கிடங்குக்குப் பெட்டி போய்ச் சேர வேண்டும். மரப்பெட்டி கட்டித்தரும் ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குப் பட்டியல் போடுங்கள்: அரிசி, பருப்பு, மா, எண்ணெய், தூள், சவர்க்காரம், மகளுக்கு அடுத்த அளவு சப்பாத்தும் சேர்த்து. திரவங்களைத் தனிப் பெட்டியில் போடுங்கள், தாமதமான கப்பலில் உறைந்து வெடித்துவிடும். மீனும் கரிபூ மான் இறைச்சியும் ஊரில் கிடைக்கும், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களும் சமைத்ததைக் கொடுங்கள்.

-----

கலா_ஒட்டாவா எழுதியது:

தம்பி, இன்னும் ஒன்று. சேர்ந்த முதல் வாரம் கோப்புகளைத் திறக்காமல் ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுக் கடை, வேட்டைக்காரர் சங்கம் மூன்றுக்கும் போய் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஊர் வானொலியிலும் பேசச் சொல்வார்கள், மொழிபெயர்ப்பாளரோடு பேசுங்கள். பழைய விண்ணப்பங்களில் பதில் போடாமல் கிடப்பவை எத்தனை என்று பழகுநரோடு சேர்ந்து பாருங்கள், முதலில் அவற்றுக்குப் பதில் எழுதுங்கள். விண்ணப்ப மாதிரிகள், கப்பல் காலத்துக்கேற்ற அட்டவணை என்னிடம் இருப்பதைத் தனிமடலில் அனுப்புகிறேன்.